கோழி கொடுத்த மாமன்

உக்காருங்கண்ணே. அந்தப் பை நம்மளதுதான், மடியில வச்சுக்கிறேன். எது வரைக்கும், போடியா? நானும் போடிதான். இந்த டிரைவர் உருட்டுற உருட்டுக்கு மூணு மணி நேரம் ஆகும். பேசிக்கிட்டே போனா பொழுது தெரியாது.

பையில ஒட்டியிருக்க சீட்டைப் பாக்கிறீங்களா? அது ஏரோப்ளேன்ல போறப்ப ஒட்டினது. பிய்க்க மனசு வரல. ஆப்பிரிக்கா போயிட்டு வர்றேன்ணே. மலாவின்னு ஒரு நாடு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நானும் டிக்கெட் கைக்கு வர்ற வரைக்கும் மலேசியாவுக்குப் பக்கத்துலன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

பேரு பவுன்ராஜ். மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆகி மூணு வருசமாச்சு. நான் அங்க போனது ஒரு காரியத்துக்கு, செஞ்சுட்டு வந்தது வேற காரியம். அதைச் சொல்லத்தான் இப்ப போடிக்கு, எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். மச்சான் ரத்தினவேல், ஏலக்காய் மண்டி வச்சிருக்காரு. உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? நல்லதாப் போச்சு.

அவருக்கு ரெண்டு பொண்ணு. சின்னவ சுடர்விழி பல் டாக்டரு, மூணு வருசமா அந்த மலாவியில வேலை பாக்கிறா. வயசு முப்பத்தொண்ணு. மச்சான் கோயமுத்தூர்ல ஒரு மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காரு. இந்தப் பிள்ளை சரின்னும் சொல்லாது, வேணாம்னும் சொல்லாது, லீவு இல்லைன்னு மட்டும் சொல்லும். ஒரு நாள் மச்சான் போன் போட்டு, "நீ ரிட்டயர் ஆகி சும்மாதானடா இருக்க, போயி அவளை எப்படியாவது கூட்டிட்டு வா"ன்னாரு. மண்டிக்கு மூட்டை தூக்க ஆள் அனுப்புற மாதிரிதான் சொன்னாரு. டிக்கெட்டும் அவரே எடுத்துட்டாரு. ரிட்டயர் ஆனவன் பொழப்பு நாய்க்கு வேலை இல்ல, நிக்க நேரம் இல்லங்கிற கதைதான். கிளம்பிட்டேன்.

ஆனா ஒண்ணுண்ணே. அந்த மனுசன் எனக்குச் செஞ்சதை நான் மறக்கல. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி மூத்தவளுக்கு நிச்சயதார்த்தம். நம்ம பக்கத்துல மொதத் தாம்பூலம் யாருக்கு? தாய்மாமனுக்கு. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அய்யரு தட்டை எடுத்து, "தாய்மாமன் வாங்க"ன்னு கூப்பிட்டாரு. நான் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு போயி நின்னு ரெண்டு கையையும் நீட்டிட்டேன். மச்சான் தட்டை வாங்கி, வியாபாரிகள் சங்கத் தலைவர் கையில கொடுத்துட்டாரு. முந்நூறு பேரு பாத்துக்கிட்டு இருக்காய்ங்க. நீட்டின கையை என்ன பண்றது? தலையைச் சொறிஞ்சுக்கிட்டேன். பந்தியில உக்காராம வந்துட்டேன். ஏன் சாப்பிடலன்னு ஒருத்தன் கேக்கல.

சரி, விடுங்க. செக்கானூரணி தாண்டிட்டமா? ம்.

ஆப்பிரிக்கான்னா வெயிலு கொளுத்தும்னு கொடையும் குளுக்கோஸ் டப்பாவும் எடுத்துட்டுப் போனேன். போனது ஜூலை மாசம். அங்க அப்ப குளிர் காலமாம். பல்லு தந்தியடிக்குது. ஆறு நாளு சுடர் வீட்டுல போர்வைக்குள்ளயே இருந்தேன். கோயமுத்தூர் பேச்சை எடுத்தாலே அவ, டீ போடட்டுமா மாமாம்பா. அப்படியே நாப்பது டீ குடிச்சிருப்பேன். ஏழாவது நாள் சனிக்கிழமை, "மாமா, இந்த ஊர் கிராமம் பாத்ததில்லையே, காலையில போயி சாயங்காலம் வந்துருவோம்"ன்னா. சரி, வண்டியில வச்சுப் பேசிருவோம்னு கிளம்பிட்டேன்.

வாசல்ல வெள்ளைக் காரு நிக்குது. உசரமா ஒரு ஆளு, நல்ல கருப்பு, கோட்டுப் போட்டிருக்கான், கதவைத் திறந்து விடுறான். சுடர், "இது லிம்பானி மாமா, எங்க ஆஸ்பத்திரியில இருக்காரு"ன்னா. சரி, ஆஸ்பத்திரி டிரைவர்னு நினைச்சுக்கிட்டேன். நீங்களா இருந்தாலும் அதைத்தான நினைச்சிருப்பீங்க? ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கவன் டிரைவர்தான? இவ போயி முன் சீட்டுல உக்காந்தா. டிரைவர் பக்கத்துல என்னத்தா, பின்னாடி வான்னேன். பின்னாடி உக்காந்தா குமட்டும்னுட்டா. போடியில இருந்து மூணாறு வரைக்கும் பின் சீட்டுல படுத்துக்கிட்டே போற பிள்ளைண்ணே இவ. எனக்கு அப்பவும் உறைக்கல.

ரோடு நல்ல ரோடு. ரெண்டு பக்கமும் அறுத்துப் போட்ட மக்காச்சோளக் காடு. சைக்கிள்ல விறகு, சைக்கிள்ல ஆடு, சைக்கிளுக்குப் பின்னாடி மெத்தை வச்சு அதுல சம்சாரத்தை உக்கார வச்சு ஒருத்தன் மலையேறுறான். நான் போஸ்ட்டுக் கம்பத்தை எண்ணிக்கிட்டே போனேன். பழக்க தோசம். ஒரு இடத்துல கம்பி தொய்ஞ்சு, ஆள் கை தூக்கினா எட்டும். நம்ம செக்சனா இருந்தா மெமோதான். அதை டிரைவர்கிட்ட சொன்னேன். ஆமா சார், ஆபத்துதான்னான். நல்ல பணிவு. நடுவுல நான் நடுங்குறதைப் பாத்துட்டு, கோட்டைக் கழட்டி எனக்குக் கொடுத்துட்டு வெறும் சட்டையோட ஓட்டினான். உள்ளுக்க பட்டுத் துணி வச்சுத் தைச்ச கோட்டு. இந்த ஊர்ல டிரைவருக்கும் நல்ல யூனிபாரமாத்தான் தர்றாய்ங்கன்னு நினைச்சேன்.

டெட்சான்னு ஒரு ஊரு. அங்க ஒரு கடையில டீ குடிக்க இறங்கினோம். வண்டியில பை இருக்கு, நீ இங்கயே நில்லுப்பான்னு அவன்கிட்ட சொன்னேன். நின்னான். சுடர் என்னையவே பாத்தா. அப்புறம் ஒரு டீயை எடுத்துட்டுப் போயி அவனுக்குக் கொடுத்து, வண்டிக்கிட்டயே ரெண்டு பேரும் நின்னு குடிச்சாக. எளகின மனசு, அவ அம்மா மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன்.

அதுக்கு அங்கிட்டு ஒரு அதிசயம்ணே. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மலாவி, அந்தப் பக்கம் மொசாம்பிக்கு. வேலியும் இல்ல, போலீசும் இல்ல. எனக்குச் சர்க்கரை வியாதி, அடக்க முடியாது. ரோட்டைத் தாண்டிப் போயி இருந்துட்டு வந்தேன். விசா இல்லாம இன்னொரு நாட்டுல ஒண்ணுக்குப் போயிட்டு வந்தவன் நம்ம ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்.

வழியில எலியைக் குச்சியில வரிசையா சொருகிச் சுட்டு விக்கிறாய்ங்க. சே, மனுசன் திம்பானான்னேன். "மாமா, சின்ன வயசுல வரப்பை வெட்டி எலி சுட்டுக் கொடுத்தது நீங்கதான"ன்னா சுடர். அது வயக்காட்டு எலி, சுத்தமானதுன்னேன். இதுவும் வயக்காட்டு எலிதான்னா. அவகிட்ட பேசி ஜெயிக்க முடியாதுண்ணே, சின்னதுல இருந்தே அப்படித்தான்.

தார் ரோட்டுல இருந்து பிரியிற இடத்துல ஒரு அம்மா கோழி வித்துக்கிட்டு இருந்துச்சு. சுடர் இறங்கி ஒவ்வொண்ணா தூக்கி, றெக்கையைப் பிரிச்சுப் பாத்து, பல்லு பிடுங்குறவ மாதிரி வாயைத் திறந்து பாத்து ஒரு கோழியை எடுத்தா. சேவலை வாங்குத்தா, குழம்புக்கு அதுதான் ருசின்னேன். "இல்ல மாமா, பொட்டக்கோழிதான் வேணும். வெறுங்கையோட போகக் கூடாது. நீங்கதான் பெரியவரு, உங்க கையால கொடுக்கணும்"ன்னா. அது நம்ம முறையும்தான். எனக்குச் சந்தோசம். கோழியை மடியில வச்சுக்கிட்டேன், கோட்டுல எச்சம் போட்டுருச்சு. டிரைவர் கோட்டுதானேன்னு நானும் துடைக்கல.

ஊர்ல போஸ்ட்டுக் கம்பமே இல்லண்ணே. மண் செங்கல் வீடு, புல்லுக் கூரை. மூங்கில்ல பின்னின பெரிய பெரிய குதிரு, கால் வச்சு நிக்குது, உள்ள சோளக் கருது. பாவம், எப்படித்தான் பொழைக்கிறாய்ங்களோன்னு எனக்கு இரக்கமாப் போச்சு. எங்க ஊருக்கு எழுபதுலயே கரண்டு வந்துருச்சுன்னு சுடர்கிட்ட சொன்னேன். நேத்து உங்க வீட்டுல ஆறு மணி நேரம் கரண்டு இல்லைன்னு அத்தை போன்ல சொன்னாங்களேன்னா.

வண்டி நின்ன வீட்டு வாசல்ல அம்பது பேரு கூடியிருக்காக. நடுவுல ரெண்டே நாற்காலி. ஒண்ணுல நான். இன்னொண்ணுல ஒரு பெரியவரு, கம்வெண்டோன்னு பேரு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு பேசுற இங்கிலீஷைக் கேட்டா நம்ம கலெக்டர் டியூசன் போகணும். மத்தவுக எல்லாரும் தரையில, பாயில. ஒரு பொம்பளை முட்டி போட்டு உக்காந்து என் கையில தண்ணி ஊத்துது. எல்லாரும் கையைக் குவிச்சு மெதுவா தட்டுறாக. திரும்பிப் பாக்கிறேன், சுடர் செருப்பைக் கழட்டிட்டு, இடுப்புல ஒரு துணியைச் சுத்திக்கிட்டு, பாயில பொம்பளைகளோட உக்காந்திருக்கா. அப்பன் உள்ள வந்தா சோபாவுல இருந்து காலை எடுக்காத பிள்ளை.

பெரியவரு கேட்டாரு, நீங்க இந்தப் பிள்ளைக்கு அம்மா கூடப் பிறந்தவரான்னு. ஆமான்னேன். ஒரே வயித்துலயா? ஆமா. வேற அண்ணன் தம்பி உண்டா? இல்ல, நான் ஒருத்தன்தான். அதை அவரு அவுக பாசையில சொன்னதும் அம்பது பேரும் திரும்பவும் கை தட்டுறாக. அண்ணே, அறுபத்தொரு வருசத்துல நான் எங்க அக்காவுக்குத் தம்பியாப் பிறந்ததுக்கு எவனும் கை தட்டினதில்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. குளிருன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

சுடர் கண்ணைக் காட்டினா. எந்திரிச்சுக் கோழியை ரெண்டு கையாலயும் கொடுத்தேன். கம்வெண்டோ எந்திரிச்சு வாங்கினாரு. உடனே எனக்கு ஒரு சேவலைக் கொடுத்தாரு, செவலை, நல்ல கொண்டை. பொம்பளைக குலவை போட்டாக. நம்ம ஊர்க் குலவையேதான்ணே, கொஞ்சமும் மாத்தம் இல்ல. நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்னு பெரியவரு கேட்டாரு.

எனக்கு அவரு வீட்டுக் கூரை மேல இருந்த சோலார் பலகைதான் கண்ணுல பட்டுச்சு. வயரை வெறுமன முறுக்கி விட்டுருக்காய்ங்க, டேப் இல்ல, எர்த் இல்ல. அதைப் பத்திப் பேசினேன். அரை மணி நேரம் பேசினேன். வயரை இழுக்கிறது முக்கியம் இல்ல, மண்ணோட தொடர்பு வேணும், இல்லைன்னா ஒரு நாளைக்கு வீட்டுல இருக்கவுகளையே அடிச்சுரும்னு சொன்னேன். பெரியவரு ஒவ்வொரு வரியா அவுக பாசையில சொல்லச் சொல்ல, கிழவிக எல்லாம் தலையாட்டுறாக. ஒரு அம்மா அழுதுருச்சு. எர்த்துக்கு இம்புட்டு மரியாதை நான் எங்கயும் பாத்ததில்ல.

அப்புறம் கம்வெண்டோ பேசினாரு. மாமா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. இன்னைக்கு இருந்து இந்தக் கல்யாணத்துக்கு அவரும் நானும்தான் ரெண்டு தூணு. சண்டை வந்தா இவுக எங்க ரெண்டு பேருகிட்டத்தான் வரணும். எங்க பையன் கை ஓங்கினா அவரு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கலாம், நான் பதில் சொல்லணும்னாரு.

எந்தக் கல்யாணம்னு கேட்டேன்.

கோழி மட்டும் கொக்கொக்குங்குது. கம்வெண்டோ சுடரைப் பாத்தாரு. மெதுவா என்னமோ கேட்டாரு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அந்த மனுசன் எந்திரிச்சு நின்னு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. இது எங்க ஊர்ல நிச்சயம். பொண்ணு பக்கம் தாய்மாமன் பொட்டக்கோழி கொடுக்கணும், பையன் பக்கம் தாய்மாமன், அது நான், சேவல் கொடுக்கணும். முறைப்படி நாங்கதான் உங்க ஊருக்கு வரணும், தூரம்னு இந்தப் பிள்ளை சொல்லுச்சு. உங்ககிட்ட சொல்லலைங்கிறது எங்களுக்குத் தெரியாது. தெரியாமக் கொடுத்த கோழி செல்லாதுன்னாரு. கோழியை எடுத்துட்டு வரச் சொல்லி என் மடியில வச்சாரு, சேவலை வாங்கிக்கிட்டாரு. ஒருத்தர் முகத்துலயும் கோவம் இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சு.

சுடரைக் குதிருக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனேன். கோழி என் கக்கத்துல இருக்கு. என்னடி இது, உன்னையக் கூட்டிட்டுப் போக வந்தவனை வச்சே நிச்சயம் பண்ணிக்கிறியேன்னு வஞ்சேன். அவ அழுகல. அழுதிருந்தா எனக்குச் சுளுவா இருந்திருக்கும்.

"அப்பாகிட்ட கேட்டா வேணாம்பாரு. அம்மாகிட்ட கேட்டா அப்பாகிட்ட கேளும்பாங்க. இந்த ஊர்ல அவங்களைக் கேக்கவே மாட்டாங்க மாமா. உங்க ஒருத்தரைத்தான் கேப்பாங்க. நீங்க இல்லைன்னு சொன்னா இல்லதான்."

"அப்ப முதல்லயே ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே போடிக்குப் போன் போட்டுருப்பீங்க."

போட்டுத்தான் இருப்பேன். அதுல பொய் இல்ல.

உசிலம்பட்டி வந்துருச்சு. வடை வேணுமாண்ணே? எனக்கு எண்ணெய் ஆகாது.

திரும்பி வந்து நாற்காலியில உக்காந்தேன். சரி, விசாரிக்க வேண்டியதை விசாரிப்போம்னு, பையன் யாருன்னேன். டிரைவர் எந்திரிச்சு நிக்கிறான். நீ உக்காருப்பா, பையனைக் கூப்பிடுன்னேன். நான்தான் சார்ங்கிறான். தாடை ஆபரேசன் பண்ற டாக்டராம்ணே. சுடருக்கு மேல் அதிகாரி. வெள்ளைக்காரன் தேசத்துல படிச்சுட்டு வந்தவனாம். அவன் கோட்டைத்தான் நான் போட்டிருக்கேன், அதுல கோழி எச்சம் காய்ஞ்சு கெடக்கு. நான் டிரைவர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பான்னேன். வண்டியை நான்தான சார் ஓட்டினேன்னான்.

ஆளு பரவாயில்லைன்னு அப்பத்தான் பட்டுச்சு. ஆனா கம்வெண்டோ என்னைய விடல. நீங்க எங்களை விசாரிச்ச மாதிரி நாங்களும் உங்களை விசாரிக்கணும், ஒரு தூணு கோணலா இருந்தா வீடு நிக்காதுன்னாரு. உங்களுக்குப் பொண்ணு இருக்கான்னாரு. இருக்கு, பொன்னரசி, கல்யாணம் முடிஞ்சு நாலு வருசம்னேன். அந்தக் கல்யாணத்தை எந்த மாமன் கையால முடிச்சீங்க, அந்தப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம்னா எந்த மாமன்கிட்ட போகும்னு கேட்டாரு.

இது வேண்டாத கேள்விதான? நிச்சயம் இவளுக்கு, என் மகளைப் பத்தி என்ன கேள்வி?

உங்ககிட்ட சொல்றதுக்கு என்னண்ணே, நீங்க போடியில இறங்கிப் போயிருவீங்க. என் சம்சாரத்துக்கு ஒரே தம்பி, முத்துராக்கு. ஆண்டிபட்டியில பழைய டயருக்கு ரப்பர் ஒட்டுற கடை வச்சிருக்கான். எம்மக பொன்னரசி, கூடப் படிச்ச ஒரு பையனைக் கட்டிக்கிறேன்னு எங்கிட்ட சொல்லல, அவன்கிட்ட போயிச் சொல்லியிருக்கா. அவன் கையெல்லாம் கரியோட வந்து என் வீட்டு நடுக்கூடத்துல நின்னு, பையனை நான் விசாரிச்சுட்டேன் மாமா, நல்ல பையன், கொடுத்துருவோம்னான். கொடுக்கிறதுக்கு நீ யாருடான்னேன். வெளிய போடான்னு அனுப்பிட்டேன். மூணு மாசத்துல திண்டுக்கல்லுல பூட்டு வியாபாரம் பண்ற குடும்பத்துல கட்டிக் கொடுத்தேன். பிள்ளை ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அவ்வளவு மரியாதை. மொதத் தாம்பூலம் எங்க செயற்பொறியாளர் கையில கொடுத்தேன். அது வேறண்ணே. அது ஆபீஸ் மரியாதை. மச்சான் எனக்குச் செஞ்சது வேற.

முத்துராக்குக்குப் பத்திரிகை வைக்கல. அவன் சீர்வரிசைத் தட்டோட மண்டபத்துக்கு எதுத்தாப்புல டீக்கடையில நின்னான்னு அப்புறமாச் சொன்னாய்ங்க. எவ்வளவு நேரம் நின்னான்னு தெரியல. என் சம்சாரம் அதுக்கப்புறம் ஆண்டிபட்டிப் பக்கமே போகல, என்கூடயும் தேவைக்குத்தான் பேசுவா.

அதையெல்லாம் அம்பது பேரு முன்னாடி சொல்ல முடியுமா? "எஸ், என் சம்சாரத்தோட தம்பிதான், ரொம்ப நல்லவன், அவன் கையாலதான் முடிச்சோம், எம்மக எதுன்னாலும் அவன்கிட்டதான் போவா"ன்னு இங்கிலீஷ்ல அடிச்சுவிட்டேன். கம்வெண்டோவுக்கு ஒரே சந்தோசம். அப்ப உங்களுக்கு இந்த வேலை தெரிஞ்சிருக்குன்னாரு.

சுடர் என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு எல்லாம் தெரியும்ணே. எம்மக கல்யாணத்துல வாசல்ல பன்னீர் தெளிச்சவளே அவதான். ஒரு வார்த்தை சொல்லல. காலையில இருந்து எங்கிட்ட மறைச்சவ, இப்ப எனக்காக மறைச்சா. எனக்கு அந்த நாற்காலியில உக்காந்திருக்கவே முடியல.

"உனக்குச் சம்மதமா ஆத்தா"ன்னு தமிழ்ல கேட்டேன். "சம்மதம் மாமா"ன்னா. நான் யார்கிட்டயும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லண்ணே. கேக்கிறதுக்கு நாலு விநாடிதான் ஆகுது.

எந்திரிச்சுக் கோழியைக் கொடுத்துட்டேன். தெரிஞ்சே கொடுத்தேன். திரும்பவும் குலவை. சாப்பாடு நம்ம கேப்பைக் களி மாதிரி, ஆனா வெள்ளை மக்காச்சோளத்துல, தொட்டுக்க மீன் குழம்பு. ரெண்டு உருண்டை கூடவே சாப்பிட்டேன். பொண்ணோட தகப்பன்கிட்ட யாரு பேசுறதுன்னு கம்வெண்டோகிட்ட கேட்டேன். தகப்பனுக்கு நீங்க தகவல் சொன்னாப் போதும்னாரு. தகவல்! அதைக் கேட்டதும் எனக்குக் குளிரே விட்டுப்போச்சு. திரும்பி வர்றப்ப முன் சீட்டுல நான் உக்காந்தேன். சுடர் பின்னாடி படுத்துத் தூங்கிட்டே வந்தா, குமட்டல் எல்லாம் ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளைக்கு எர்த்தைப் பத்தி மிச்சத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டே ஓட்டினாரு.

மச்சான்கிட்ட என்ன சொல்லணும்னு ஏரோப்ளேன்ல ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். "மச்சான், தாய்மாமன் முடிச்சுட்டேன், உங்களுக்குத் தகவல்." எப்படி இருக்கு? செருப்பைக் கழட்டுவாருதான். கழட்டட்டும். ஒரே கூச்சலாப் போடுவாரு, அக்கா அழும், நாலு நாள்ல அடங்கிரும். அதுக்கு எனக்குப் பயம் இல்ல. மருமகன் டாக்டர், அதுவும் ஆபரேசன் டாக்டர்னு மண்டியில சொல்லிக்கிற மாதிரி இருந்தா, ஒரு மாசத்துல தானே தேடிக் கண்டுபிடிச்ச மாதிரி பேசுவாரு. எனக்கு அவரைத் தெரியும்.

கணவாய் இறங்கியாச்சு. ஆண்டிபட்டிதான் அடுத்தது.

பயம் இதுல இல்லண்ணே. நேத்து கம்வெண்டோ போன் பண்ணினாரு. நல்லபடியா ஊர் போயிச் சேந்தீங்களான்னு கேட்டாரு. அப்புறம் சொல்றாரு, உங்க சம்சாரத்தோட தம்பியையும் நான் பாக்கணும், வர்ற ஞாயித்துக்கிழமை வீடியோ போன் போடுறேன், அவரைப் பக்கத்துல வச்சுக்கங்க, மாமன்மாரு மூணு பேரும் முகம் பாத்துப் பேசுவோம். இத்தனை வருசமா ஒரு பிள்ளையைத் தாங்கிக்கிட்டு இருக்கவருகிட்ட கேட்டுக்கிற விசயம் நிறைய இருக்கும்ங்கிறாரு.

தாங்கிக்கிட்டு இருக்கவரு.

போன ஆடிக்கு பொன்னரசி வந்தாண்ணே. தனியாத்தான் வந்தா. ரெண்டு நாள் இருந்தா. சாப்பிட்டா, டிவி பாத்தா, அவ அம்மா மடியில படுத்திருந்தா. "எதாவது சொல்லணுமா ஆத்தா"ன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல. மூணாம் நாள் பஸ் ஏத்தி விட்டேன். ஒண்ணும் சொல்லலைன்னா நல்லா இருக்கான்னுதான அர்த்தம்? நான் அப்படித்தான் நினைச்சேன். அந்தப் பெரியவரு கேட்டதுல இருந்துதான் வேற மாதிரி ஓடுது. சொல்லணும்னா அவ யார்கிட்டண்ணே சொல்லுவா? சொல்றதுக்கு அவளுக்கு ஒரு ஆளு இருந்தான். அவனைத்தான் நான் வாசலைத் தாண்டி அனுப்பிட்டேனே.

கண்டக்டர், ஆண்டிபட்டி நிப்பாட்டுங்க. போடி டிக்கெட்டுதான், இருக்கட்டும், பரவாயில்ல. கொஞ்சம் காலை ஒதுக்குங்கண்ணே, பையை எடுத்துக்கிறேன். டயர் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான், இந்நேரம் திறந்திருக்கும். ஞாயித்துக்கிழமை போனுக்காகத்தான் வந்தேன்னு சொல்லிக்கிறலாம். ஆனா அங்க கேட்ட கேள்வியை இங்கயும் கேக்கணும்ல. நாலு வருசம் கழிச்சுப் போயி, பொன்னரசி கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதமாடா முத்துராக்குன்னு கேக்கப் போறேன்.

இல்லைன்னு சொல்லிட்டான்னா என்ன பண்றதுண்ணே?